வளர்ந்தோருக்கு எழுத்தறிவு: ஒரு பிரதேச சபை நூலகம் எதிலிருந்து தொடங்குவது?

2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் செயலாளர்கள்தான் எல்லாவற்றையும் கொண்டு நடத்தினார்கள். 2025 மே தேர்தலோடு வன்னிப் பிரதேச சபைகளுக்கு மறுபடியும் தவிசாளரும் உறுப்பினர்களும் வந்திருக்கிறார்கள். வரவு செலவுத் திட்டத்தில் நூலகத்துக்கென்று ஒரு வரி எழுதும்போது, அந்தக் காசை என்ன செய்யலாம் என்று பேச இப்போது ஆளிருக்கிறது. எங்கள் வாசகர் வட்டத்திலும் அந்தப் பேச்சு வந்தது. எழுத வாசிக்கத் தெரியாத வளர்ந்தவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நூலகம் ஏதாவது செய்வதென்றால் எதைச் செய்வது? இருப்பது ஒரு நூலகர், ஓர் உதவியாளர், கொஞ்சக் காசு. நாலையும் தொட்டால் ஒன்றும் உருப்படாது.

வந்த யோசனைகள் இவைதான்: நூலக மண்டபத்தில் மாலை வகுப்பு, தொண்டர் ஒருவர் ஒருவருக்குச் சொல்லிக்கொடுப்பது, தாயையும் பிள்ளையையும் சேர்த்து இருத்தி வாசிக்கவைப்பது, புத்தகப் பெட்டியை ஊர்களுக்கு அனுப்புவது. போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தால் என்ன என்றும் ஒருவர் கேட்டார். எழுத்துத் தெரியாதவரிடம் கடவுச்சொல் கேட்கும் செயலியால் பெரிய பயன் இருக்காது என்பதால் அதை இங்கேயே விட்டுவிடுகிறேன்.

என் பக்கத்தை முதலே சொல்லிவிடுகிறேன். கிராமப்புற நூலகமென்றால் பெட்டியை முன்பள்ளிக்கு அனுப்பி, அங்கே தாயையும் பிள்ளையையும் சேர்த்துத் தொடங்குவதுதான் முதலாவது. ஒருவருக்கு ஒருவர் இரண்டாவது. வகுப்பைக் கல்வி வலயத்திடம் விட்டுவிடலாம். நகரத்து நூலகமென்றால் கணக்கு மாறும். அதைப் பிறகு சொல்கிறேன்.

யாருக்காக?

"எங்கட ஊரில ஆர் இப்ப எழுத வாசிக்கத் தெரியாம இருக்கினம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் எழுத்தறிவு 95 வீதத்துக்கும் மேல். ஆனால் அந்தக் கணக்கெடுப்பில் யாரும் ஒரு தாளைக் கையில் தந்து வாசிக்கச் சொல்வதில்லை. வீட்டில் இருப்பவர் சொல்வதைத்தான் பதிகிறார்கள். "தெரியும்" என்று சொல்வது யாருக்கும் இலேசு.

வன்னியில் நான் யோசிப்பது மூன்று வகையானவர்களை. 2008 இல் மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்து, கடைசியில் செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக்குள் இருந்தது. பிறகு வயதைப் பார்த்து மேல் வகுப்பில் விட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு இப்போது 25 வயது தாண்டியிருக்கும். பலர் தாய் தகப்பனாகிவிட்டார்கள். எழுத்துக் கூட்டுவார்கள், பெயர் எழுதுவார்கள், ஆனால் அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு) படிவத்தில் ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொள்ள முடியாது. அடுத்தது, 1990களின் இடப்பெயர்வுகளில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். மூன்றாவது, 1958, 1977 வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களின் அம்மம்மாக்கள், அப்பம்மாக்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் மழைக்கு ஒதுங்கியதோடு சரி. இன்று மகள் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளையை வளர்ப்பது அவர்கள்தான். பிள்ளையின் கொப்பியில் ரீச்சர் என்ன எழுதி அனுப்பினார் என்று பார்க்க வேண்டியவரும் அவர்தான்.

இவர்கள் யாரும் நூலகத்துக்கு வந்து "எனக்கு வாசிக்கத் தெரியாது" என்று சொல்லப்போவதில்லை. சொல்கிற விதம் வேறு. கிளினிக் கொப்பியை மேசையில் வைத்து, "பிள்ளை, கண்ணாடியை வீட்டில விட்டிட்டு வந்திட்டன். அடுத்த திகதி என்னெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு" என்பார். சொன்னதும் கொப்பியை வாங்கி, அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைப்பார். அடுத்த முறையும் கண்ணாடி வீட்டில்தான் இருக்கும். பிரதேச செயலகத்திலும் வங்கியிலும் தபாற்கந்தோரிலும் நின்று பாருங்கள், இந்தக் கண்ணாடியை மறந்தவர்கள் எத்தனை பேரென்று தெரியும். நுண்கடன்காரர் நீட்டிய தாளிலும் இப்படித்தான் கையெழுத்து விழுந்தது, பிணைக் கையெழுத்து உட்பட.

ஆகவே ஒவ்வொரு யோசனையிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கண்ணாடியை மறந்த அந்த அம்மா வெட்கமில்லாமல் வர இதில் வழி இருக்கிறதா? காசும் பாடப்புத்தகமும் அதற்குப் பிறகு.

மாலை வகுப்பு

இதற்கு ஒரு பெரிய வசதி உண்டு. வலயக் கல்விப் பணிமனைகளில் முறைசாராக் கல்விக்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. அவர்கள் போதனாசிரியரைத் தந்தால் நூலகம் இடத்தைக் கொடுத்தால் போதும். சபைக்குச் செலவு மிகக் குறைவு. சபைக் கூட்டத்தில் பிரேரணையாக நிறைவேற்றவும் இலேசு, பத்திரிகையில் படமும் வரும்.

சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது. இந்தியாவில் 1988 இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம், ஒன்றும் தெரியாத ஒருவரை அடிப்படை நிலைக்குக் கொண்டுவர மூன்று பாடப்புத்தகமும் ஏறத்தாழ 200 மணித்தியாலமும் என்று திட்டம் போட்டது. எங்கள் ஊரில் கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று வையுங்கள். 200 மணித்தியாலத்துக்கு 67 கிழமை வேண்டும். காலபோக விதைப்பு, ஐப்பசி கார்த்திகை மழை, நெல்லை வீதியோரம் காயப்போட்டுக் காவலிருக்கும் நாட்கள், கச்சான் பிடுங்கும் காலம், கோயில் திருவிழா எல்லாவற்றையும் கழித்தால் இரண்டு வருடம். கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணிடம் இரண்டு வருடம் பின்னேரம் தவறாமல் வா என்று கேட்கிறோம். இருட்டினால் பல இடங்களில் பஸ் இல்லை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கத்து உள்ளூர்களில் இருட்டின பிறகு தெருவில் இறங்கவே யானைக்குப் பயம்.

வெட்கம் அதைவிடப் பெரியது. "வளர்ந்தோர் எழுத்தறிவு வகுப்பு" என்று வாசலில் பதாகை கட்டினால் அதன் கீழே நடந்து உள்ளே போக யாருக்கு மனம் வரும்? மகளோடு ஒரே வகுப்பில் படித்தவள் எதிர்க் கடையில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

தமிழ்நாட்டின் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வெட்கத்தை உடைத்தது உண்மை. ஆனால் அங்கே மாவட்ட ஆட்சியர் முதல் கல்குவாரித் தொழிலாளர் வரை முழு மாவட்டமும் இறங்கியது. பாட்டும் வீதி நாடகமும் நடந்தன. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓடப் பழகினார்கள். எல்லாரும் போனதால் யாரும் தனித்துத் தெரியவில்லை. ஒரு தனி நூலகத்தால் அந்த அலையை எழுப்ப முடியாது. அந்த மாதிரி இயக்கங்களிலிருந்து நாங்கள் எடுக்கவேண்டிய பாடம் வேறு. அலை ஓய்ந்த பிறகு வாசிக்கப் புத்தகம் கிடைக்காத இடங்களில் பலர் படித்ததை மறந்துபோனார்கள். நூலகத்துக்கு வேலை இருப்பது அந்த இடத்தில்.

வலயத்தில் ஓடியாடி வேலை செய்யும் ஓர் அதிகாரி இருந்தால் வகுப்பைக் கைவிடச் சொல்ல மாட்டேன், மண்டபத்தைத் திறந்து கொடுங்கள். அதிகாரிக்கு இடமாற்றம் வந்ததும் வகுப்பும் போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருவருக்கு ஒருவர்

அமெரிக்க மதபோதகர் பிராங்க் லாபாக் 1930 இல் பிலிப்பைன்சின் லனாவோவில் தொடங்கிய முறை இது: கற்றவர் ஒருவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுப்பது. வெட்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. உசாத்துணைப் பகுதியின் ஒரு மூலையில் இரண்டு பேர் கொப்பியோடு இருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். படிப்பவர் கேட்பதிலிருந்து தொடங்கலாம். ஒருவருக்குப் பஸ் பலகை, இன்னொருவருக்குப் போனில் பெயர்களைச் சேமிப்பது, மற்றவருக்குக் காணி அனுமதிப்பத்திரத்தில் என்ன இருக்கிறது என்பது.

தொண்டர்களும் கிடைப்பார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. தேசிய கல்வியியற் கல்லூரியும் அங்கே உண்டு. சாதாரணதரம் எழுதிவிட்டு வீட்டில் நிற்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் இவர்களில் எவரும் ஒரு வருடத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்கப்போவதில்லை. ரீச்சர் மாறினால் அந்த அம்மா இன்னொருவரிடம் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், பாதிப் பேர் அதோடு நின்றுவிடுவார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள்தான் இதற்குத் தோது. அவர்களிடம் வேறொரு சிக்கல்: ஆனா ஆவன்னாவில் தொடங்கி 247 எழுத்தையும் வரிசையாக முடிக்கப் பார்ப்பார்கள்.

தொண்டருக்குப் பயிற்சி வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு ஓர் உதாரணம். அனேகமானவர்கள் முதலில் கேட்பது கையெழுத்துத்தான், பெயர் எழுதப் பழக்கு என்பார்கள். படிப்பவர் கமலா என்றால் அதிர்ஷ்டம். க, ம, லா மூன்றையும் கற்றதும், அந்த அரவையும் ஒரு குற்றையும் வைத்துக்கொண்டு கல், கால், மாமா, காகம், காலம் என்று முதல் நாளே வாசிக்கலாம். புவனேஸ்வரி என்றால் பாருங்கள். உகரம் ஒட்டின பு, முன்னால் கொம்பு நிற்கும் னே, கிரந்த ஸ், மேலே விசிறி போட்ட ரி. ஆறு எழுத்தில் ஐந்து விதம். அவர் பெயரைக் கோலம் போல வரையப் பழகுவார், வாசிக்கப் பழகமாட்டார். வங்கிக்கு அது போதும், வரையட்டும். ஆனால் வாசிப்புக்கு அவருடைய மகள் பெயரையோ ஊர்ப் பெயரையோ வேறாகத் தொடங்க வேண்டும். இதை யாராவது சொல்லிக்கொடுக்காவிட்டால் தொண்டர் மூன்று கிழமை புவனேஸ்வரியோடு மல்லுக்கட்டிவிட்டு, "அவவுக்கு ஏறாது" என்று சொல்லிவிடுவார்.

செலவு கொஞ்சம், பலன் ஆழம், எண்ணிக்கை சிறிது. பத்துத் தொண்டர் என்றால் பத்துப் பேர். நூலகர்தான் சோடி சேர்த்து, வராதவரைத் தேடி, பெண்ணுக்குப் பெண்ணைத் தேர்ந்து விடவேண்டும். அந்த வேலையைச் சபை கணக்கில் எடுப்பதே இல்லை.

தாயும் பிள்ளையும், பெட்டியோடு

இந்த இரண்டு யோசனைகளும் தனித்தனியாக வந்தன. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நொண்டி, சேர்த்தால்தான் நிமிரும்.

குடும்ப எழுத்தறிவு என்று பெயர் போட்டு ஒழுங்காக நடந்த பழைய மாதிரிகளில் ஒன்று 1980களில் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலிருந்து வந்தது. பிள்ளைக்குப் பாடம், பெற்றோருக்குப் பாடம், இருவரும் சேர்ந்திருக்கும் நேரம், பிள்ளை வளர்ப்புப் பற்றிய பேச்சு என நான்கு பகுதி. கிழமைக்குப் பல நாள், சம்பளத்துக்கு ஆசிரியர். அதை அப்படியே கொண்டுவர எங்களிடம் காசு இல்லை. எடுக்கக்கூடியது, தாயும் பிள்ளையும் ஒரே வேளையில் ஒரே இடத்தில் படிக்கலாம் என்ற எண்ணம்.

"நான் படிக்கப் போறன்" என்று ஊரில் சொல்ல வெட்கப்படும் பெண், "பிள்ளைக்குக் கதை சொல்லிக்குடுக்கப் பழக்கீனமாம், அதுதான் போறன்" என்று யாரிடமும் சொல்லலாம். மாமியாரும் மறிக்கமாட்டார். இந்த ஒன்றுக்காகவே இது எனக்கு வகுப்பை விட மேல்.

நூலகத்துக்கு வா என்று கூப்பிட்டால் இதுவும் சரிவராது. துணுக்காய், மாந்தை கிழக்கு, பூநகரி போன்ற பிரிவுகளில் ஊருக்கும் நூலகத்துக்கும் இடையில் பல கிலோமீற்றர், பஸ் எப்போதாவது. சனிக்கிழமை ரியூசன், ஞாயிறு அறநெறி. ஆனால் முன்பள்ளி ஊருக்குள்ளேயே இருக்கிறது. மத்தியானத்துக்கு முன் பிள்ளையைக் கூட்டிப்போகத் தாயோ அம்மம்மாவோ எப்படியும் வருவார். கிழமையில் ஒரு நாள் அவர்களை ஒரு மணித்தியாலம் முன்னதாக வரச் சொன்னால் போதும்.

முதல் அரை மணித்தியாலம் பிள்ளை மடியில், படப் புத்தகம் கையில். வாசிக்கச் சொல்லக்கூடாது. "இந்த நாய் எங்க ஓடுது? ஏன் ஓடுது?" என்று கேட்கச் சொல்ல வேண்டும். எழுத்துத் தெரியாத அம்மம்மாவும் படத்தைப் பார்த்துக் கதை கட்டுவார், பெரும்பாலும் புத்தகத்தில் இருப்பதைவிட நல்ல கதை. பிள்ளையின் சொல்வளத்துக்கு வேண்டியது அந்தப் பேச்சுத்தான். அடுத்த அரை மணித்தியாலம் பிள்ளைகள் முன்பள்ளி ஆசிரியையோடு முற்றத்துக்குப் போக, பெரியவர்கள் மட்டும் உள்ளே. அதே புத்தகத்தில் இரண்டு மூன்று சொல், பிறகு கிளினிக் கொப்பியில் திகதி எங்கே இருக்கும், பாணி மருந்துப் போத்தலில் எத்தனை மில்லிலீற்றர் என்று எங்கே போட்டிருக்கும் என்பவை.

இந்த இரண்டாவது அரை மணித்தியாலம்தான் முதலில் காணாமல் போகும். வாசிப்பு மாதமான ஒக்டோபரில் நடக்கும் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். பிள்ளைகள் முன்னால் பாயில் இருந்து கதை கேட்பார்கள், தாய்மார் சுவரோரம் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து போன் பார்ப்பார்கள். அது நல்ல சிறுவர் நிகழ்ச்சி. தாய்க்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. ஆகவே நூலகத்திலிருந்து போகும் ஆள் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவே கூடாது என்று விதி போடலாம். கதை சொல்வது தாயின் வேலை.

பெட்டிக்குள் 40 புத்தகம் போதும், ஒரு பெட்டி இரண்டு மாதம் ஒரு முன்பள்ளியில் நின்று அடுத்ததற்குப் போகலாம். புத்தகத்துக்குப் பெரிய செலவு தேவையில்லை. இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் வாசிப்பு நிலைப்படி பிரித்துக் கிடக்கின்றன. மூலத்தின் பெயரைப் போட்டு யாரும் அச்சிடலாம், மாற்றலாம், அதனால் இந்தியத் தமிழ்ச் சொல் வரும் இடத்தில் எங்கள் ஊர்ச் சொல்லைப் போட்டுக்கொள்ளலாம். தாய்மார் கட்டிய கதைகளையே எழுதி, போட்டோகொப்பி எடுத்துத் தைத்துப் பெட்டிக்குள் போடுவது இன்னும் நல்லது. தான் சொன்ன வசனத்தைத் தாளில் காண்பவர் அதை வாசிக்கப் பாதி தூரம் வந்துவிட்டார்.

இந்த வழியில் பெரிய ஓட்டையும் உண்டு. ஆண்கள் வரமாட்டார்கள். கொக்கிளாயில் கடலுக்குப் போகிறவரும், உழவு மெஷின் ஓடுகிறவரும், பிள்ளை இல்லாமல் தனியே இருக்கும் வயதானவரும் முன்பள்ளி வாசலுக்கு வர ஒரு காரணமும் இல்லை. அவர்களுக்காக நூலகத்தில் கிழமைக்கு ஒரு நாள் படிவம் நிரப்ப உதவும் மேசை ஒன்று போடலாம். அங்கே வருபவரில் யார் கண்ணாடியை மறந்தவர் என்று கொஞ்ச நாளில் தெரிந்துவிடும். தொண்டரை அவரிடம் மெல்ல அனுப்பலாம்.

எந்த நூலகத்துக்கு எது

வவுனியா நகரம், கிளிநொச்சி நகரம் போன்ற இடங்களில் என் வரிசை மாறும். பஸ் நிலையம் பக்கத்தில், கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் இளம்பெண்கள் அதிகம், ஒருவரை ஒருவர் தெரியாது. தெரியாத ஊரில் வெட்கமும் குறைவு. அங்கே ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நின்று பிடிக்கக்கூடும், தொண்டரும் கைக்கெட்டிய தூரத்தில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரியத் தேவையில்லை. மற்ற இடங்களில் முதல் வருடம் நான்கு முன்பள்ளிகளோடு நிற்பது நல்லது. பத்துக்கு ஆசைப்பட்டால் நூலகரின் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கே காசு போய்விடும்.

இன்னொன்று, படம் எடுப்பது. சில வருடங்களுக்கு முன் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பக்கத்து ஊரில் இப்படி ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பதாகைக்கு முன்னால் கொப்பியைத் தூக்கிப் பிடித்தபடி அம்மாக்களை நிற்கவைத்துப் படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். வெளிநாட்டில் இருந்த மகன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டுத் தாய்க்குப் போன் எடுத்துப் பேசின பேச்சோடு அடுத்த கிழமை பாதிப் பேர் வரவில்லை. சபை எந்த வழியைத் தெரிந்தாலும், முன்னேற்றத்தைப் படத்தில் காட்டச் சொல்லக்கூடாது. முன்பள்ளி ஆசிரியையின் இரவல் கொப்பி போதும்: யார் எந்தப் புத்தகம் கொண்டுபோனார், திரும்பிக் கொண்டுவந்தாரா, அடுத்ததைக் கேட்டாரா. வருட முடிவில் கிளினிக் திகதியைத் தானே பார்த்து வருகிறவர்கள் யார் யார் என்று அந்த ஆசிரியைக்கே தெரிந்திருக்கும்.

கடைசியாக, யாரும் பேசாத ஒரு விஷயத்தால் இந்தத் திட்டம் படுத்துவிடலாம். வருடாந்தக் கணக்கெடுப்பில் குறையும் புத்தகத்துக்கு நூலகர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே எந்த நூலகரும் புத்தகத்தைப் பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்பத் தயங்குவார், அனுப்பினாலும் ஆசிரியையிடம் "கவனம், ஒன்றும் கிழியக்கூடாது" என்பார். ஆசிரியை பயந்து பெட்டியைப் பூட்டி அலுமாரிக்கு மேல் வைத்துவிடுவார். பெட்டிப் புத்தகங்கள் நூலகத்தின் நிரந்தர இருப்பில் சேராது, பென்சில் கடதாசி போல நுகர்பொருளாகவே கணக்கில் வரும் என்று சபை எழுத்தில் தீர்மானம் எடுக்க வேண்டும். வரவு செலவுத் திட்டம் டிசம்பரில் போகும். முன்பள்ளியில் புதுப் பிள்ளைகள் ஜனவரியில் வருவார்கள். அந்தத் தீர்மானமும் டிசம்பர்க் கூட்டத்திலேயே நிறைவேறினால், முதல் பெட்டி தைப்பொங்கல் முடிந்த கையோடு போகலாம்.